மேட்ச் நாளில் வீடு திரும்புகிறவர்கள்

சேப்பாக்கத்தில் இரவு ஏழரைக்கு ஆட்டம் என்றால் திருவல்லிக்கேணிக்கு அது மத்தியானம் மூன்று மணிக்கே ஆரம்பித்துவிடும். பெல்ஸ் சாலை முனையில் பேரிகேடுகள் வந்து இறங்கும். நாலு மணிக்கெல்லாம் உள்தெருக்களில் தெரியாத கார்கள் ஊர்ந்து வரும். கண்ணாடியை இறக்கி, "அண்ணா, இங்க விட்டுட்டுப் போலாமா?" என்று ஒருவர் கேட்பார். கேட்காமலேயே விட்டுவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர்.

நான் போக்குவரத்துத் திட்டமிடல் பொறியாளர். இருபது வருடங்களுக்கு மேல் இதே வேலை. 2023இல் இந்தப் பகுதியில் குடியிருக்கும் நண்பர் ஒருவர் கூப்பிட்டார் என்று, அவர் தெருவுக்கு மேட்ச் நாள் பார்க்கிங்கை ஒழுங்குபடுத்திக் கொடுக்கப் போனேன். சேப்பாக்கத்துக்கு அது பெரிய வருடம். ஐபிஎல்லில் சென்னை அணி 2019க்குப் பிறகு முதல்முறையாக ஏப்ரல் 3ஆம் தேதி சொந்த மைதானத்தில் ஆடியது. அக்டோபரில் உலகக் கோப்பை ஆட்டங்கள் ஐந்து. புது ஸ்டாண்டும் சேர்ந்து, இப்போது அங்கே சுமார் 38,000 பேர் உட்காரலாம். அன்றிலிருந்து சீசனுக்கு இரண்டு மூன்று தெருக்களோடு உட்கார்ந்து பேசி வேலை செய்து வருகிறேன்.

2024இல் ஒரு சாயங்காலம் பார்த்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். மணி ஆறரை இருக்கும். பாரதி சாலைப் பக்கம் பேரிகேடுக்கு வெளியே ஒரு ஆட்டோ நின்றது. டயாலிசிஸ் முடிந்து ஒரு பெரியவர் இறங்கினார். கையில் பஞ்சு வைத்து ஒட்டிய பிளாஸ்திரி. ஆட்டோவை உள்ளே விட முடியாது என்றார்கள். வீடு அங்கிருந்து நானூறு மீட்டர்கூட இருக்காது. ஆனால் டயாலிசிஸ் முடிந்து வருகிறவருக்கு அது எவ்வளவு தூரம் என்று வீட்டில் ஒருவரை அப்படிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மகன் வீட்டிலிருந்து ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். ஐந்தாறு வீட்டுக்கு ஒரு தரம் நாற்காலியைப் போடுவார், பெரியவர் உட்கார்ந்து மூச்சு வாங்குவார், அப்புறம் எழுந்து நடப்பார். எதிரே மஞ்சள் சட்டைக் கூட்டம் அவரைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து போய்க்கொண்டிருந்தது. ஒரு பையன் நின்று, "தாத்தா, தண்ணி வேணுமா?" என்று தன் பாட்டிலை நீட்டினான்.

அந்தப் பையன்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. பேரிகேடு பக்கம் நின்றவரும் தனக்குச் சொன்னதைத்தான் செய்தார். அன்றைய ஏற்பாட்டில் அந்தப் பெரியவருக்கென்று ஒரு வரி இல்லை, அவ்வளவுதான். பார்வையாளர் வண்டி எங்கே நிற்கும், ஆங்கில எழுத்து போட்ட வாகன பாஸ் இருந்தால் எந்த வழி, பாஸ் இல்லாவிட்டால் கடற்கரை உட்புறச் சாலை என்று பக்கம் பக்கமாகத் திட்டம் போடுகிறோம். அதே தெருவில் குடியிருப்பவர் எப்படி வீடு போய்ச் சேர்வார் என்பதை அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். என் அனுபவத்தில் எல்லாக் கஷ்டமும் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

அடையாள அட்டையைக் காட்டினால் உள்ளே விடுவார்கள் என்று சொல்வதுண்டு. திருவல்லிக்கேணியைத் தெரிந்தவர்கள் இதைக் கேட்டதும், வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் அறை எடுத்துத் தங்கும் மேன்ஷன்களை நினைப்பார்கள். வருடக்கணக்கில் இங்கே தங்கி வேலை பார்க்கிறவருடைய ஆதாரில் திருநெல்வேலியோ தர்மபுரியோ இருக்கும். வாடகைக்கு இருக்கும் குடும்பங்களில் பாதிப் பேருக்கு அட்டையில் பழைய முகவரி. மின் கட்டண ரசீது வீட்டுக்காரர் பெயரில். இரவு பத்து மணிக்கு வேலை முடிந்து பைக்கில் வருகிறவர், பின்னால் பத்து வண்டி ஹாரன் அடிக்கும்போது, தான் இந்தத் தெருக்காரர்தான் என்று எதைக் காட்டி நிரூபிப்பார்?

சரி, என்ன செய்யலாம்?

முதல் வேலை, எண்ணுவது. மேட்சுக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னால், ஒரு சாதாரண நாளில், விடியற்காலை நாலு மணிக்கு நோட்டுப் புத்தகத்தோடு தெருவில் நடப்பேன். அந்த நேரத்தில் நிற்பவை ஏறக்குறைய எல்லாமே தெருக்காரர்களின் வண்டிகள். நம்பர், காரா பைக்கா ஆட்டோவா, எந்த வீட்டு முன்னால் என்று எழுதிக்கொள்வேன். அதே தெருவில் மத்தியானம் மூன்று மணிக்கு இன்னொரு நடை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். காலையில் வேலைக்குப் போன வண்டிகள் விட்டுப்போன இடம்தான் மூன்று மணிக்குக் காலியாகத் தெரிகிறது. வெளியாள் கண்ணுக்கு அது சும்மா கிடக்கும் இடம். அதை அவர் பிடித்துக்கொண்டால், எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவருக்கு இடம் இல்லை. அவர் அடுத்த தெருவில் போய் யாரோ ஒருவர் வாசலை அடைப்பார். அங்கே சண்டை வரும்.

இன்னொரு கணக்கு இதைவிட முக்கியம். 20 அடித் தெரு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சுவரை ஒட்டி நிறுத்தினாலும் ஒரு கார் ஆறடியை எடுத்துவிடும். இரண்டு பக்கமும் நிறுத்தினால் நடுவில் எட்டடி மிஞ்சும். 108 ஆம்புலன்ஸ் கண்ணாடியை மடக்கிக்கொண்டு எப்படியோ நுழைந்துவிடும். தீயணைப்பு வண்டியின் அகலமே எட்டடி. அது வராது. ஒரு பைக் கொஞ்சம் சாய்ந்து நின்றால் ஆம்புலன்ஸும் வராது. கோஷா ஆஸ்பத்திரி என்று ஊர் அழைக்கும் கஸ்தூரிபா காந்தி தாய் சேய் நல மருத்துவமனை மைதானத்துக்குப் பக்கத்திலேயே, பெல்ஸ் சாலையில்தான் இருக்கிறது. பிரசவ வலி ஆட்ட அட்டவணை பார்த்து வருவதில்லை. அதனால் நான் போகிற தெருவில் முதலில் பேசுவது ஒரு பக்கத்தை முழுக்கக் காலியாக வைப்பதைப் பற்றித்தான். தெருக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், ஏற்கெனவே இடம் போதவில்லை என்பார்கள். பெரியவர்களைக் கூப்பிட்டு, நடுவில் கயிறு பிடித்து எட்டடியை அளந்து காட்டினால் ஒப்புக்கொள்வார்கள். தெரு முனையிலும் இருபுறமும் பதினைந்தடி காலியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெரிய வண்டி திரும்பவே முடியாது.

ஒரு பக்கத்தைக் காலி செய்தால் அந்த வண்டிகள் எங்கே போகும்? பக்கத்தில் ஒரு பள்ளி மைதானமோ கல்யாண மண்டபமோ முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும். எழுதி வாங்குங்கள், வாய்ப்பேச்சு கடைசி நாளில் மாறிவிடும். ராத்திரி முழுக்க ஒரு காவலாளி இருந்தால்தான் மக்கள் வண்டியைக் கொண்டுபோய் விடுவார்கள். அந்தச் சம்பளத்தைத் தெரு முழுக்கப் பங்கு போட்டால் வீட்டுக்குப் பெரிய தொகை வராது. எந்த வண்டிகளை அங்கே அனுப்புவது என்பதற்கு நான் வைத்திருக்கும் விதி, தினமும் எடுக்காத கார் முதலில். உடம்பு முடியாதவர்கள் இருக்கும் வீட்டு வண்டியும், ராத்திரி டியூட்டிக்குப் போகிறவர் வண்டியும், தெருவில் குடியிருக்கும் ஆட்டோக்காரரின் வண்டியும் தெருவிலேயே இருக்கட்டும். ஆட்டோக்காரருக்கு மேட்ச் நாள்தான் நல்ல வருமானம். நள்ளிரவில் அவர் வண்டியோடு வீடு திரும்ப வேண்டும்.

பாஸ் விஷயத்தில் நான் கண்டிப்பானவன். வண்டி நம்பர் பெரிய எழுத்தில், தெருப் பெயர், எந்தப் பேரிகேடு வழியாக உள்ளே வரலாம் என்பது, காவல் நிலைய முத்திரை. இந்த நாலும் இருக்க வேண்டும். வீட்டுக்கு இத்தனை பாஸ் என்று வெறுமனே கொடுத்தால் அதில் ஒன்று கடற்கரைக்கு வரும் மச்சானுக்குப் போய்விடும். நம்பர் எழுதிய பாஸ் அந்த வண்டியோடு நின்றுவிடும். பட்டியலில் வாடகைக்காரர்களும் மேன்ஷன்காரர்களும் கட்டாயம் வர வேண்டும். வண்டி இல்லாதவர்களுக்கும் ஒரு சீட்டு வேண்டும் என்பதை அந்தப் பெரியவரைப் பார்த்த பிறகுதான் சேர்த்தேன். அவரை ஏற்றி வரும் ஆட்டோவின் நம்பர் முன்கூட்டித் தெரியாது. ஆகவே சீட்டு நோயாளியின் பெயரில் இருக்கும், அவர் எந்த வண்டியில் வந்தாலும் வாசல்வரை போய் இறக்கிவிட்டு அந்த வண்டி உடனே வெளியேற வேண்டும். வீட்டுக்கு வரும் நர்ஸுக்கும் இதே சீட்டுதான்.

காகிதம் மட்டும் வேலை செய்யாது. தெரு முனையில் முகம் தெரிந்த ஒருவர் நிற்க வேண்டும், மூன்று மணியிலிருந்து கூட்டம் கலையும்வரை. வெளியூரிலிருந்து பந்தோபஸ்துக்கு வந்த காவலருக்கு யார் எந்த வீடு என்று எப்படித் தெரியும்? பக்கத்தில் தெருக்காரர் ஒருவர் இருந்து, "சார், இவங்க பதினாலாம் நம்பர் வீடு" என்று சொன்னால் அரை நிமிடத்தில் முடியும் வேலை அது. ஆட்டம் பதினொன்றரைக்கு முடிகிறது, அதன் பிறகு ஒரு மணி நேரம் கூட்டம் வெளியே வரும். அந்த நேரத்தில்தான் இரண்டாம் ஷிப்ட் முடிந்தவர்கள் எதிர்த்திசையில் வீட்டுக்கு வருகிறார்கள். நிறையத் தெருக்களில் பத்து மணிக்கே தன்னார்வலர்கள் தூங்கப் போய்விடுகிறார்கள். ஆளை மாற்றிப் போடுங்கள்.

ஒரு தெருவை அடைத்தால் வண்டிகள் காணாமல் போய்விடாது, அடுத்த தெருவுக்குத்தான் போகும். பார்வையாளர்கள் இருபது நிமிடம் நடக்கத் தயங்குவதில்லை. அப்படியானால் திருவல்லிக்கேணி பெரிய தெருவும் ஐஸ் ஹவுஸும் ராயப்பேட்டை விளிம்பும்கூட மேட்ச் பகுதிதான். லண்டனில் வெம்ப்ளி மைதானத்தைச் சுற்றி அந்தப் பகுதியின் உள்ளாட்சி அமைப்பான பிரென்ட் கவுன்சில் இதை ஒழுங்காகச் செய்கிறது. மைதானத்தில் 90,000 பேர் கூடும் ஊர் அது. சுற்றியுள்ள குடியிருப்புத் தெருக்கள் மொத்தத்தையும் ஒரே பகுதியாக அறிவித்து, நிகழ்ச்சி நாட்களில் நள்ளிரவுவரை அனுமதி பெற்ற வண்டி மட்டுமே நிற்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். குடியிருப்பவர் வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கும் அனுமதி வாங்க வழி இருக்கிறது. அந்த அளவு பணமும் ஆளும் நம்மிடம் உடனே இல்லாவிட்டாலும், பகுதியைப் பெரிதாக வரைவதற்குப் பணம் தேவையில்லை.

வெளியூர்ப் பாடத்தில் இல்லாத ஒன்றும் இங்கே இருக்கிறது. 2023, 2024, 2025 மூன்று வருடமும் ஐபிஎல் தொடக்க ஆட்டங்கள் ரமலானோடு சேர்ந்து வந்தன. நோன்பு திறக்கும் நேரம் ஆறரையை ஒட்டி வரும். கூட்டம் மைதானத்துக்குள் நுழைவதும் சரியாக அப்போதுதான். பெரிய மசூதிக்குக் கஞ்சி வாங்கவும் தொழவும் வருகிறவர்களின் பைக்குகள் வருடா வருடம் நிற்கும் இடங்கள் உண்டு. சித்திரையில் பார்த்தசாரதி கோயில் பிரம்மோற்சவம் வரும், மாட வீதிகளில் சுவாமி புறப்பாடு இருக்கும். இந்த இரண்டு நாட்காட்டிகளையும் ஆட்ட அட்டவணையோடு ஒரே தாளில் எழுதிப் பார்க்காமல் எந்தத் தெருவுக்கும் திட்டம் போடக் கூடாது. ஒருநாள் ஆட்டங்கள் வேறு மாதிரி. 2023 அக்டோபர் 8, இந்தியா ஆஸ்திரேலியா ஆட்டம் மத்தியானம் இரண்டு மணிக்கு ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை வேறு. வண்டிகள் வீட்டில் இருக்கும் நாள், முற்பகலிலேயே கூட்டம் வரும் நாள். டி20க்குப் போட்ட திட்டம் அன்றைக்கு உதவாது.

தெருக்காரர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டு முன்னால் காரை விடச் சொல்லிப் பணம் வாங்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. உங்கள் காம்பவுண்டுக்குள் விட்டால் அது உங்கள் இஷ்டம். தெரு உங்களுடையது அல்ல. நீங்கள் பணம் வாங்கிக்கொண்டு விட்ட காரின் சொந்தக்காரர் நாலு மணி நேரம் மைதானத்துக்குள் இருப்பார், அந்தச் சத்தத்தில் போன் மணி கேட்காது. எதிர்வீட்டில் அவசரம் என்றால் அந்தக் காரை யார் நகர்த்துவது?

ஆட்டம் பார்க்க வருகிறவர்களுக்கு: வீட்டு கேட்டை மறித்து வண்டி நிறுத்துவது 2017ஆம் ஆண்டு ஓட்டுநர் ஒழுங்குமுறைப்படியே தவறு, மேட்ச் நாளென்று விலக்கு எதுவும் கிடையாது. பறக்கும் ரயில் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே 2023 ஆகஸ்ட் முதல் 2024 அக்டோபர் கடைசிவரை ஓடாமல் இருந்தது. அந்த உலகக் கோப்பைக்கும் அடுத்த ஐபிஎல்லுக்கும் வடசென்னைக்காரர்கள் பைக் எடுத்து வந்ததில் நியாயம் இருந்தது. இப்போது ரயில் ஓடுகிறது. சேப்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கினால் மைதானம் கண்முன்னால். மெட்ரோவில் வந்தால் அரசினர் தோட்டத்திலிருந்து வாலாஜா சாலையில் நேராக ஒரு நடை.

அடுத்த சீசனுக்கு நண்பரின் தெருவில் படிவம் தயாராகிவிட்டது. பெயர், வண்டி நம்பர், வீட்டில் நடக்க முடியாதவர்கள் இருக்கிறார்களா, ராத்திரி எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று நாலே கேள்வி. மேன்ஷன் வரவேற்பறைகளில் ஒட்டுவதற்கு இந்த ஞாயிற்றுக்கிழமை போகிறோம். சிவப்பு நாற்காலியோடு ஓடி வந்த அந்த மகன்தான் தெரு முனையில் ராத்திரி ஷிப்டுக்கு முதலில் பெயர் கொடுத்திருக்கிறார்.