சைட்டோமெகலோ வைரஸ்: பெருஞ்செல்லா, செல் பெருக்கமா?

கருவைப் பாதிக்கக்கூடிய தொற்றுகளைத் தேட, கர்ப்பிணிகளுக்கு எழுதித் தரப்படும் 'டார்ச்' ரத்தப் பரிசோதனையின் முடிவுத் தாளில் சைட்டோமெகலோ வைரஸ் என்ற பெயரைப் பலர் பார்த்திருப்பார்கள். மருத்துவர்கள் சுருக்கி சி.எம்.வி. என்பார்கள். அதே தாளில் ஹெர்பிஸ் தனியாக அச்சாகியிருக்கும். வரிகள் வேறானாலும் குடும்பம் ஒன்றுதான். சின்னம்மையைத் தரும் வைரஸும் அந்தக் குடும்பத்துப் பிள்ளையே.

இந்தப் பெயர்களைத் தமிழில் எப்படிச் சொல்வது? முதலில் குடும்பப் பெயர். ஹெர்பிஸ் கிரேக்கச் சொல். அதன் வேருக்கு 'ஊர்தல்' என்று பொருள். தோலில் மெல்லப் படரும் புண்களுக்குப் பழைய கிரேக்க மருத்துவர்கள் வைத்த பெயர் இது. பாம்பு, பல்லி முதலியவற்றை ஆராயும் ஹெர்பெட்டாலஜியும் இந்த வேரில் முளைத்ததுதான். தமிழ் அகராதிகள் ஹெர்பிஸுக்கு 'அக்கி' என்று பொருள் தருகின்றன. அக்கி, அக்கினியிலிருந்து வந்தது. கிரேக்கர் படர்வதைப் பார்த்தார்கள், நம்மவர் எரிவதைச் சொன்னார்கள். குயவரிடம் போய்ச் செங்காவியால் அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கமும் நம்மிடம் உண்டு. ஆனால் அக்கி என்பது உடலின் ஒரு பக்கத்தில் பட்டையாகக் கொப்பளிக்கும் ஒரு நோயின் பெயர். அதைக் குடும்பம் முழுவதற்கும் சூட்டினால், பெரும்பாலும் தோலில் ஒரு கொப்புளமும் காட்டாத சி.எம்.வி.யும் அக்கியாகிவிடும். குடும்பத்தை ஹெர்பிஸ் என்றே விட்டுவிடலாம்.

இனி சைட்டோமெகலோ. சைட்டோ என்றால் செல், மெகலோ என்றால் பெரியது. 1881-இல் ரிப்பர்ட் என்ற ஜெர்மன் நோயியலாளர், இறந்து பிறந்த ஒரு சிசுவின் சிறுநீரகத்தில் வழக்கத்துக்கு மீறிப் பருத்த செல்களைக் கண்டார். நுண்ணோக்கியில் அவற்றின் உட்கரு, வெளிறிய வளையத்துக்குள் கறுத்த பொட்டாக, ஆந்தையின் கண்போலத் தெரியும். 1950-களில் வைரஸைப் பிரித்தெடுத்தபின், 1960-இல் தாமஸ் வெல்லர் இந்தப் பெயரை முன்வைத்தார்.

தமிழில் 'செல் பெருக்க வைரஸ்' என்று எழுதத் தோன்றலாம். கூடாது. பெருக்கம் என்றால் எண்ணிக்கை கூடுவது. இங்கே நடப்பது பருத்தல். கருவின் மூளையிலோ எண்ணிக்கை குறையவே செய்கிறது. மூளையின் உள்ளறைச் சுவர்களையொட்டி, நரம்புச் செல்களை ஈன்று வெளிப்புறம் அனுப்பும் மூலச் செல்கள் இருக்கின்றன. நஞ்சுக்கொடியைக் கடந்துவரும் சி.எம்.வி. குறிவைப்பது அவற்றைத்தான். தொற்றிய மூலச் செல்கள் பிரிவதை நிறுத்துகின்றன, சில மடிகின்றன. புதிய செல்கள் போய்ச்சேர வேண்டிய அடுக்குக்குப் போய்ச்சேர்வதில்லை. கடுமையான தொற்றில் மூளையின் வெளியடுக்கான புறணி மெலிகிறது, மடிப்புகள் தாறுமாறாகின்றன, தலை சிறுத்துவிடுகிறது. சி.டி. ஸ்கேனில் உள்ளறைகளின் ஓரமாகச் சுண்ணாம்புப் படிவுகள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். ஆகவே 'பெருஞ்செல் வைரஸ்' என்பதே என் தேர்வு. வைரஸ் வேண்டாம் என்பவர்கள் 'பெருஞ்செல் தீநுண்மி' என்று எழுதிக்கொள்ளட்டும்.

டார்ச் தாளில் தனியாக அச்சாகும் ஹெர்பிஸ், அதாவது ஹெர்பிஸ் சிம்ப்ளக்ஸின் வழி வேறு. அது பெரும்பாலும் கருப்பையில் தொற்றுவதில்லை, பிரசவத்தின்போது தொற்றுகிறது. பிறந்த சில வாரங்களுக்குள் மூளை அழற்சியை உண்டாக்கக்கூடும்.

'பிறவிப் பெருஞ்செல் தொற்று' என்று சொல்லும்போது சிறுத்த தலையை மட்டும் நினைத்துவிடக் கூடாது. தொற்றோடு பிறக்கும் பத்துக் குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்பதுக்குப் பிறக்கும்போது அறிகுறியே இராது. அவர்களிலும் சிலருக்குப் பின்னர் செவித்திறன் குறைகிறது. தொற்று பிறவியிலேயே வந்ததா என்று உறுதிசெய்ய, குழந்தை பிறந்த 21 நாட்களுக்குள் சிறுநீரையோ உமிழ்நீரையோ சோதிக்க வேண்டும். அதற்குப்பின் வைரஸ் கிடைத்தாலும், அது தாய்ப்பால் வழியாகவோ வேறு வழியிலோ பிறகு வந்ததாக இருக்கலாம்.