எட்டு சிலிண்டர் எஞ்சினும் 25 மில்லிமீட்டர் கணக்கும்

1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் மஸ்டா நிறுவனம் மியாட்டா என்ற இரண்டு இருக்கைக் காரை அறிமுகப்படுத்தியது. எடை ஏறக்குறைய ஒரு டன். எஞ்சின் 1.6 லிட்டர், 116 குதிரைத்திறன், 136 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. கையாள எளிதான, தொல்லை தராத கார். அமெரிக்கக் கார் பித்தர்கள் சிலருக்கு இது போதவில்லை. அந்தச் சிறிய எஞ்சினைக் கழற்றிவிட்டு, ஜெனரல் மோட்டார்ஸ் 1997 கார்வெட்டில் கொண்டுவந்த எல்எஸ்1 எஞ்சினை அதே இடத்தில் இறக்கினார்கள். 5.7 லிட்டர், எட்டு சிலிண்டர், 345 குதிரைத்திறன், 475 நியூட்டன் மீட்டர். பெரும்பாலும் கூடவே டி56 என்ற ஆறு கியர் பெட்டியும் ஏறும்.

இப்படி எஞ்சின் மாற்றுகிறவர்கள் எஞ்சின் தாங்கிகள், புகைக்குழாய், ரேடியேட்டர், வயரிங் எல்லாவற்றையும் மாதக்கணக்கில் யோசிப்பார்கள். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைத்துப் பிரிக்கும் கிளட்சுக்கு ஒரு மாலைப் பொழுதுகூட ஒதுக்குவதில்லை. வண்டி முதன்முதலில் கிளம்பும் நாளில் ரிவர்ஸ் கியர் போட்டால் கரகரவென்று பல் உரசும். பெடலைத் தரைவரை மிதித்தும் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று பொருள். அதற்கு உடனே கிடைக்கும் அறிவுரை, ‘பெரிய மாஸ்டர் சிலிண்டர் போடு’, அதாவது பெடலை மிதிக்கும்போது குழாயில் ஆயிலைத் தள்ளும் உருளையைப் பெரிதாக்கு, என்பது. சில சமயம் அது சரியாகவே இருக்கும். ஆனால் அதைச் சொல்பவர்கள் கூறும் காரணம் பெரும்பாலும் தவறு. பெரிய சிலிண்டருக்குப் பலம் அதிகம் என்கிறார்கள். உண்மையில் உங்கள் காலின் பலத்தை அது குறைத்துத்தான் அனுப்புகிறது.

கிளட்ச் எப்படிப் பிடிக்கிறது என்பதிலிருந்து தொடங்கினால் இது புரியும். எஞ்சினோடு சுற்றும் ஃபிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே கிளட்ச் பிளேட் நெருக்கப்பட்டு நிற்கிறது. நெருக்குவது ஒரு கூம்பு வடிவத் தகட்டு ஸ்பிரிங். உராய்வால் மட்டுமே முறுக்குவிசை கியர்பாக்ஸுக்குப் போகிறது. எவ்வளவு போகும் என்பதை நெருக்கும் விசை, உராய்வு, பிளேட்டின் ஆரம், உராயும் இரண்டு பக்கங்கள் ஆகியவை தீர்மானிக்கின்றன. மியாட்டாவின் கிளட்ச் பிளேட் 200 மி.மீ. விட்டம் கொண்டது. மூன்றில் ஒரு பங்கு கூடுதல் கொள்ளளவு வைத்துக் கணக்கிட்டால் அதற்கு ஏறக்குறைய 3,500 நியூட்டன் நெருக்குவிசை போதும். எல்எஸ்1இல் பிளேட் 300 மி.மீ.யை ஒட்டிய அளவு. ஆரம் கூடியும்கூட 8,000 நியூட்டனைத் தாண்டிய விசை தேவைப்படுகிறது, அதாவது 800 கிலோவுக்கும் மேலான எடை உட்கார்ந்திருப்பதற்குச் சமம். இந்த ஸ்பிரிங்கைத்தான் ஓட்டுநர் ஒவ்வொரு சிக்னலிலும் இடது காலால் தோற்கடிக்க வேண்டும்.

நேராக அல்ல, நெம்புகோல்களின் உதவியோடு. ஸ்பிரிங்கின் உள்பக்க விரல்களை, பெடலின் விசையை வாங்கும் ரிலீஸ் பேரிங் என்ற சுழலும் வளையம் ஃபிளைவீல் பக்கமாகத் தள்ளினால் ஸ்பிரிங் கவிழ்ந்து பிரஷர் பிளேட் பின்வாங்கும். இந்த நெம்புதலிலேயே விசை நான்கைந்து மடங்கு குறைந்துவிடும். ஆகவே பேரிங் கொடுக்க வேண்டியது சுமார் 1,800 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். நகர வேண்டிய தூரம் 8 முதல் 10 மி.மீ. இந்த இரண்டு எண்களையும் கிளட்ச்தான் விதிக்கிறது. இவற்றைக் குறித்துக்கொள்ளாமல் சிலிண்டர் வாங்கக் கடைக்குப் போவதில் பொருளில்லை.

பெடல் பக்கம் நமக்கு இருப்பது என்ன? பெடல் 150 மி.மீ. இறங்குகிறது, அதன் நெம்புவிகிதம் 6 என்று கொண்டால், மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் 25 மி.மீ. நகரும். அவ்வளவுதான் முதலீடு. மனிதக் காலின் நீளமும் காரின் தரையும் இதற்கு மேல் கொடுக்கப்போவதில்லை.

நடுவே இருப்பது பிரேக் ஆயில். மூடிய திரவத்தில் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்று பாஸ்கல் விளக்கிய நூல் 1663இல், அவர் இறந்த மறு ஆண்டு வெளியானது. சிறிய பிஸ்டனை அழுத்தினால் பெரிய பிஸ்டனில் பலமடங்கு விசை கிடைக்கும் என்ற பாதியைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்துவிடுகிறோம். விசை எத்தனை மடங்கு கூடுகிறதோ அத்தனை மடங்கு தூரத்தை விலையாகக் கொடுக்க வேண்டும் என்ற மறுபாதியையும் பாஸ்கல் அங்கேயே எழுதிவைத்தார். எஞ்சின் மாற்றுகிறவர்களைக் கவிழ்ப்பது இந்த மறுபாதிதான்.

எண்களைப் போட்டுப் பார்க்கலாம். மியாட்டாவில் முதலில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 5/8 அங்குலம், அதாவது 15.87 மி.மீ. அதன் பரப்பு 198 சதுர மி.மீ. 25 மி.மீ. நகர்ந்தால் வெளியே தள்ளும் ஆயில் 4.95 சி.சி. எல்எஸ்1 காலத்து டி56இல் ஸ்லேவ் சிலிண்டர், அதாவது அந்த ஆயிலை வாங்கிப் பேரிங்கைத் தள்ளும் உருளை, கியர்பாக்ஸின் உள்ளீட்டுத் தண்டைச் சுற்றி வளையமாக உட்கார்ந்திருக்கும். தள்ளுகிற முகத்தின் பரப்பு 800 சதுர மி.மீ. என்று எடுத்துக்கொள்வோம். 4.95 சி.சி.யை அதில் ஊற்றினால் பேரிங் 6.2 மி.மீ. நகரும். 8 மி.மீ. வேண்டிய இடத்தில் 6.2 மி.மீ. பல் உரசாமல் என்ன செய்யும்?

3/4 அங்குல மாஸ்டர் போட்டால் ஆயில் 7.1 சி.சி., பேரிங் நகர்வது 8.9 மி.மீ. இது சரியான இடம். 7/8 அங்குலம் போட்டால் 9.7 சி.சி., 12 மி.மீ. இது தேவைக்கு மேல். அதிகமாகத் தள்ளினால் ஸ்பிரிங் விரல்கள் கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதியில் போய் இடிக்கும், ஸ்பிரிங் வளைந்து கெடும். சில ஸ்லேவ்களில் பிஸ்டன் சீலைத் தாண்டி வெளியே வந்து ஆயில் மொத்தமும் கிளட்ச் மேல் கொட்டிவிடும்.

இனி காலுக்கு என்ன நேர்கிறது என்று பாருங்கள். 1,800 நியூட்டனை 800 சதுர மி.மீ. பரப்பில் தர, குழாயில் சுமார் 22 பார் அழுத்தம் வேண்டும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைப்போல் பத்து மடங்கு. மாஸ்டர் எந்த அளவாக இருந்தாலும் இந்த அழுத்தம் மாறாது. ஆனால் அதை உண்டாக்கக் காலால் கொடுக்க வேண்டிய விசை, 5/8 அங்குலத்தில் 7.5 கிலோ, 3/4 அங்குலத்தில் 11 கிலோ, 7/8 அங்குலத்தில் 15 கிலோ. மாஸ்டர் பெரிதாகப் பெரிதாகப் பெடல் கனக்கிறது. இலேசான பெடலும் நீண்ட பேரிங் நகர்வும் ஒரே வண்டியில் வேண்டும் என்பவருக்கு எந்த உள்விட்டமும் உதவாது. இன்னும் சாதுவான கிளட்சைத்தான் தேட வேண்டும்.

மேலே சொன்ன 25 மி.மீ. முழுதும் வேலைக்கு வருவதில்லை. சம்பளத்தில் பிடித்தம் போக மீதிதான் கையில் கிடைக்கும். பெடலுக்கும் தள்ளுகம்பிக்கும் நடுவே சிறிது தளர்வு, மாஸ்டரின் சீல் ஆயில் தொட்டித் துளையைக் கடக்கும்வரை ஒரு மில்லிமீட்டருக்கும் மேல், ரப்பர் குழாய் அழுத்தத்தில் உப்புவதால் கொஞ்சம், காற்றுக்குமிழி மிச்சமிருந்தால் இன்னும் நிறைய. ஆகவேதான் ரப்பருக்குப் பதில், மேலே எஃகுக் கம்பி பின்னிய டெஃப்ளான் குழாய் பரிந்துரைக்கப்படுகிறது. பார்க்க அழகாக இருப்பது ஒரு கூடுதல் லாபம்.

தள்ளுகம்பியின் தளர்வை முழுதும் எடுத்துவிடலாமே என்று சிலர் நினைப்பார்கள். அது ஆபத்து. பெடல் ஓய்வில் இருக்கும்போது தொட்டித் துளை திறந்திருந்தே ஆக வேண்டும். மூடிவிட்டால், புகைக்குழாய்ச் சூட்டில் விரியும் ஆயில் தொட்டிக்குத் திரும்ப வழியில்லாமல் பேரிங்கைத் தானே தள்ளத் தொடங்கும். யாரும் மிதிக்காமலேயே கிளட்ச் பாதி விடுபட்டு வழுக்கும். டிரம் பிரேக்குக்கான பழைய மாஸ்டர் சிலிண்டரைக் கிளட்சுக்குப் போடக்கூடாது என்பதற்கும் இதே காரணம்தான். குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் வால்வு அவற்றில் பலவற்றில் உண்டு.

ஸ்லேவை உள்ளே வைப்பதா வெளியே வைப்பதா என்ற கேள்வியில் எனக்குத் தயக்கமில்லை. இடமிருந்தால் வெளியேதான். மியாட்டாவின் சொந்த ஏற்பாடு அப்படிப்பட்டது. ஸ்லேவ் வெளியிலிருந்து ஃபோர்க் என்ற நெம்புகோலைத் தள்ளும், ஃபோர்க் பேரிங்கைத் தள்ளும். சீல் கசிந்தால் சில போல்ட்டுகளைக் கழற்றி மாற்றிவிடலாம். வளைய ஸ்லேவில் சீல் போனால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். ஆனால் எல்எஸ்1 வழியில் போனவர்களுக்கு இந்தத் தேர்வு பெரும்பாலும் கிடையாது. டி56 என்ற பெயரை மட்டும் நம்பிப் பழைய கியர்பாக்ஸ் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. 1993 முதல் 1997 வரை ஜெனரல் மோட்டார்ஸின் காமரோ காரில் வந்த டி56இல் ஸ்லேவ் வெளியே இருந்தது, கிளட்சும் விரல்களை இழுத்து விடுவிக்கும் வகை. 1998இல் எல்எஸ்1 வந்தபோது தள்ளும் வகையும் வளைய ஸ்லேவும் வந்துவிட்டன. ஒன்றின் உதிரி மற்றொன்றுக்குச் சேராது.

வளைய ஸ்லேவ் போடுகிறவர்கள் கட்டாயம் அளக்க வேண்டிய ஓர் இடைவெளி உண்டு. எஞ்சினில் பெல் ஹவுசிங் (கிளட்சை மூடும் மணி வடிவக் கூடு) உட்காரும் தளத்திலிருந்து ஸ்பிரிங் விரல்கள்வரை ஒரு அளவு. கியர்பாக்ஸ் பக்கம் அதே தளத்திலிருந்து, முழுதும் உள்ளே அழுத்திய பேரிங்கின் முகம்வரை மற்றோர் அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் 4 முதல் 5 மி.மீ. இருக்க வேண்டும், ஸ்லேவ் தயாரித்தவர் வேறு எண் சொன்னால் அந்த எண். கிளட்ச் பிளேட் தேயத் தேய விரல்கள் கியர்பாக்ஸை நோக்கி நகர்ந்து வருவதால்தான் இந்த இடம் தேவைப்படுகிறது. இடைவெளி போதாவிட்டால் பின்வாங்க வழியின்றி பேரிங் விரல்களைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். புதிதாகப் போட்டபோது அருமையாக இருந்த கிளட்ச் சில ஆயிரம் கிலோமீட்டரில் வழுக்கும். இடைவெளி அதிகமானால் பேரிங் தன் எல்லையைத் தாண்டி நீள வேண்டியிருக்கும். அதைச் சரிசெய்ய ஸ்லேவின் அடியில் வளையத் தகடுகள் வைப்பார்கள். கியர்பாக்ஸைப் பூட்டிய பிறகு இதை அளக்க முடியாது.

இணைப்புகளில் ஒரு பொல்லாத விஷயம். ஜப்பானியக் கார்களின் ஆயில் குழாய் இணைப்பில் எம்10 × 1.0 மரை வழக்கம். அமெரிக்கப் பந்தயக் கார் குழாய்களில் ஏஎன் என்ற ராணுவத் தர அளவு வழக்கம், அதில் மூன்றாம் எண் இணைப்பின் மரை 3/8-24. முதலாவது 10 மி.மீ. விட்டம், இரண்டாவது 9.5 மி.மீ. மரை இடைவெளிகளோ 1.00 மி.மீ., 1.06 மி.மீ. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 3/8-24 ஆண் மரையை எம்10 துளையில் கையாலேயே இரண்டு மூன்று சுற்று ஏற்றிவிடலாம். பிறகு இறுகும், சரியாகப் பூட்டிவிட்டது போலவே தோன்றும். 22 பார் அழுத்தம் வரும்போது மரை பிய்த்துக்கொள்ளும். தளர்வாக ஆடிக்கொண்டே ஏறும் இணைப்பை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

ஆயில் விஷயத்தில் பெரிய தேர்வில்லை. டாட் 4 என்ற தரத்துப் பிரேக் ஆயில் போதும். புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிய பிறகு 155 டிகிரிவரை இறங்கலாம். எட்டு சிலிண்டர் எஞ்சினின் புகைக்குழாய்கள் அந்தக் குறுகிய இடத்தில் கிளட்ச் குழாயை ஒட்டியே போகும் என்பதால், வெப்பத் தடுப்பு உறையும் ஆண்டுக்கொருமுறை புது ஆயிலும் வீண் செலவல்ல. கனிம எண்ணெயை மட்டும் தவறியும் ஊற்றக்கூடாது. பிரேக் ஆயிலுக்கான ரப்பர் சீல்கள் அதில் ஊறிப் பெருத்துவிடும்.

காற்று எடுப்பதற்கான திருகு வளைய ஸ்லேவில் பெல் ஹவுசிங்குக்குள் மாட்டிக்கொள்வதால், அதிலிருந்து ஒரு நீளக் குழாயை முன்பே வெளியே கொண்டுவந்துவிட வேண்டும். மாஸ்டரின் மூக்கு மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால் குமிழி அங்கேயே தங்கும். அப்போது காரின் முன்பக்கத்தை இறக்கியோ மாஸ்டரைத் தற்காலிகமாகக் கழற்றிச் சாய்த்தோதான் காற்று எடுக்க முடியும். கடைசியாகப் பெடலுக்கு அடியில் ஒரு தடுப்பு போல்ட். காரைத் தாங்கிகளில் ஏற்றி, எஞ்சினை நிறுத்தி, கியரில் வைத்துவிட்டு, உதவிக்கு ஒருவரைப் பின்சக்கரத்தைச் சுற்றச் சொல்லிப் பெடலை மெல்ல மிதியுங்கள். சக்கரம் தடையின்றிச் சுழலத் தொடங்கும் இடத்திலிருந்து விரற்கடை அளவு கீழே போல்ட்டை நிறுத்தினால் போதும்.