பேக்கேஜில் பிழையா? எழுதி அனுப்புங்கள்

வெள்ளிப் பட்டறைகளுக்கும் சேகோ ஆலைகளுக்கும் பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுப்பது எங்கள் தொழில். அதில் நாங்களே எழுதியது கொஞ்சம்தான். பிடிஎஃப் உருவாக்குவது, தேடுவது, டேட்டாபேஸ் எல்லாமே யாரோ எழுதி, மூல நிரலோடு இலவசமாகக் கொடுத்த ஓப்பன் சோர்ஸ் பேக்கேஜ்கள், அதாவது ஆயத்த நிரல் தொகுப்புகள். சேலத்தில் இந்தத் தொழிலில் இருக்கும் பலருக்கும் இதே கதைதான். அதில் ஒரு பிழை கண்ணில் பட்டால், மாற்றுவழி ஒன்றைப் போட்டுக் கடைக்காரரிடம் "சரியாகிவிட்டது" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். அந்த பேக்கேஜைப் பராமரிப்பவருக்கு விஷயமே தெரிவதில்லை. ஈரோட்டிலோ யாழ்ப்பாணத்திலோ இன்னொருவர் அதே பிழையோடு மல்லுக்கட்டுவார்.

செவ்வாய்ப்பேட்டைக் கடை ஒன்றில் 'கொலுசு' என்று தேடினால் இருப்பில் பாதிதான் வந்தது. திரையில் பார்த்தால் எல்லாம் ஒரே எழுத்து. ஆனால் கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் பொது முறையான யூனிகோடில் 'கொ'வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். கொம்பு தனி, கால் தனி என இரண்டாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்பது யூனிகோடின் விதி. அந்தத் தேடல் பேக்கேஜ் இரண்டையும் ஒன்றாக்காமலே ஒப்பிட்டுக்கொண்டிருந்தது. தமிழ் படிக்கத் தெரியாத ஒருவருக்கு இதை எப்படிப் புரியவைப்பது? பிரெஞ்சில் தலையில் சாய்கோடு போட்ட எழுத்துக்கும் இதே இரட்டை வடிவம் உண்டு. அந்த உதாரணத்தையும் பக்கத்தில் வைத்தால் பராமரிப்பவர் தாமே ஓட்டிப் பார்த்துவிடலாம்.

பராமரிப்பவருக்கு எழுதும் நல்ல பிழைப் புகாருக்கு உயிர் இந்த ஓட்டிப் பார்ப்பதில்தான் இருக்கிறது. உங்கள் மொத்த பில்லிங் நிரலையும் அனுப்பினால் யாருக்கும் பிரித்துப் பார்க்க நேரமிருக்காது. ஒவ்வொரு பகுதியாக வெட்டிக்கொண்டே வாருங்கள். பிழை இன்னும் வருகிறதா என்று பாருங்கள். கடைசியில் பத்து இருபது வரி மிஞ்சும். அதோடு என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, பேக்கேஜின் வெர்ஷன், மொழியின் வெர்ஷன், எந்த இயங்குதளம் என்பதையும் எழுதுங்கள். எரர் செய்தியை முழுசாக எழுத்தாகவே ஒட்டுங்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது; மேலே சொன்ன கொலுசுப் பிழையில் படத்தைப் பார்த்தால் இரண்டு வடிவமும் ஒன்றாகத்தான் தெரியும், ஆதாரமே போய்விடும். அப்புறம் முக்கியமான ஒன்று: கடைக்காரரின் உண்மையான பேரேடு, வாடிக்கையாளர் பெயர், கைபேசி எண் எதுவும் அதில் போகக்கூடாது. பொய்த் தரவு போட்டே பிழையை வரவழையுங்கள்.

அனுப்பும் முன் புதிய வெர்ஷனிலும் பிழை இருக்கிறதா என்று பாருங்கள். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் வழியாக நிறுவியது என்றால் டெபியனுக்கே தனிப் புகார்ப் பதிவேடு உண்டு. அங்குள்ள 'ரிப்போர்ட்பக்' என்ற கருவி வெர்ஷன் விவரங்களைத் தானே சேர்த்துக்கொள்ளும்.

ஆங்கிலம் வராதே என்று தயங்கும் பிள்ளைகளை இங்கே நிறையப் பார்க்கிறேன். ஓடக்கூடிய நிரல் இருந்தால் நாலு எளிய வாக்கியம் போதும். அழகான ஆங்கிலம் வேண்டுமென்று ஏஐயிடம் முழுப் புகாரையும் எழுதவிட்டு, சரிபார்க்காமல் அனுப்புவதுதான் கெடுதல். இல்லாத பாதுகாப்பு ஓட்டைகளை இருப்பதாகச் சொல்லும் இப்படிப்பட்ட புகார்கள் நேரத்தைத் தின்கின்றன என்று இணையம் வழியாகத் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் 'கர்ல்' திட்டத்தின் டேனியல் ஸ்டென்பர்க் 2025-ல் வெளிப்படையாகவே சொன்னார்.

பாதுகாப்பு ஓட்டை என்று சந்தேகம் வந்தால் பொதுவில் போடாதீர்கள். திட்டத்தின் பாதுகாப்பு முகவரிக்குத் தனியாக எழுதுங்கள். 2024-ல் கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்இசட்' பேக்கேஜில் யாரோ திட்டமிட்டு வைத்த கள்ளவழி வெளிவந்தது, தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் இணைப்பு சுமார் அரை நொடி தாமதமாவதை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளர் அலட்சியப்படுத்தாததால்தான். அவரும் முதலில் டெபியன் பாதுகாப்புக் குழுவுக்குத்தான் எழுதினார். மார்ச் 29 அன்று பொதுவில் வெளியிட்டார்.

பதில் வரத் தாமதமானால் பொறுங்கள். பலர் இதைச் சம்பளமில்லாமல் செய்கிறார்கள். அவர்கள் திருப்பிக் கேள்வி கேட்டால் மட்டும் தள்ளிப்போடாமல் பதில் எழுதுங்கள். சரி, அதுவரை கடை ஓடவேண்டுமே? மாற்றுவழியைப் போடுங்கள், அதன் தலையில் புகாரின் எண்ணையும் குறிப்பாக எழுதிவையுங்கள். திருத்தம் வந்த அன்று எந்த வரியை நீக்கவேண்டும் என்று அடுத்து வருபவருக்கும் தெரியும்.