கலோனியல் ஆர்க்கிடெக்ட்: தமிழில் எப்படிச் சொல்வது?

ஆஸ்திரேலிய வரலாற்றைத் தமிழில் எழுதும்போது எளிதில் தடம் மாறிவிடக்கூடிய சொல் இது. பார்த்தவுடன் 'காலனித்துவக் கட்டிடக் கலைஞர்' என்று எழுதத் தோன்றும். ஆனால் அப்படி எழுதினால், காலனி ஆட்சிக் கொள்கையைத் தாங்கிப் பிடித்த ஒருவர் என்றோ, பழைய வெள்ளைக்காரர் பாணியில் பங்களா கட்டித் தருபவர் என்றோதான் வாசகர் எண்ணுவார். உண்மையில் அது ஓர் அரசுப் பதவியின் பெயர். அன்று பிரிட்டிஷ் காலனியாக இருந்த நியூ சவுத் வேல்ஸின் அரசில் அஞ்சலகம், நீதிமன்றம், சிறை, கலங்கரை விளக்கம் என்று எல்லாப் பொதுக் கட்டடங்களுக்கும் பொறுப்பேற்ற அதிகாரிக்கு அந்தப் பெயர்.

முதலில் ஆர்க்கிடெக்ட். கிரேக்கத்தில் 'ஆர்க்கி' என்றால் தலைமை. 'டெக்டோன்' என்றால் தச்சர், கட்டுமான வேலைக்காரர். இரண்டும் சேர்ந்த 'ஆர்க்கிடெக்டோன்' லத்தீன் வழியாக ஐரோப்பிய மொழிகளுக்குப் போனது. டெக்டோனும் வடமொழியின் 'தக்ஷன்' என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. அந்தத் தக்ஷனே பிராகிருதம் வழியாக நம் 'தச்சன்' ஆயிற்று என்பது மொழியியலார் பலரின் கருத்து. 'தை' என்ற வினையோடு சேர்த்துப் பார்க்கும் தமிழறிஞர்களும் உண்டு. எப்படியானாலும், ஆர்க்கிடெக்டைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் கிடைப்பது 'பெருந்தச்சன்'. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் 'வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன்' என்று ஒரு பெயர் இருக்கிறது. அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பதவிக்கு நம்மிடம் பெயரும் இருந்தது, அதைக் கல்லில் வெட்டிவைக்கும் பெருந்தன்மையும் இருந்தது.

அதற்கும் முந்திய சொல் ஒன்று நெடுநல்வாடையில் உண்டு. அரண்மனைக்கு மனை வகுக்கிறவர்களை 'நூலறி புலவர்' என்கிறது அந்தப் பாட்டு. அவர்கள் 'நுண்ணிதின் கயிறிட்டு' அளந்தார்கள் என்றும் சொல்கிறது. சிற்ப நூலும் தெரிய வேண்டும், கயிறு பிடிக்கவும் தெரிய வேண்டும்.

இந்த இரண்டும் கைகூடிய மனிதர் ஒருவரைப் பார்த்தால் பதவியின் பொருள் தெளியும். ஜேம்ஸ் பார்னெட் 1827இல் ஸ்காட்லாந்தின் ஆர்பிரோத்தில் பிறந்தவர். லண்டனில் கட்டட வேலை பழகினார், ஓவியமும் கட்டடக் கலையும் கற்றார். 1854இல் சிட்னிக்குக் கப்பலேறினார். அங்கே எட்மண்ட் பிளாக்கெட் என்ற கட்டடக் கலைஞரிடம் சிட்னிப் பல்கலைக்கழகக் கட்டட வேலையில் மேற்பார்வையாளராக இருந்தார். 1860இல் அரசு அலுவலகத்தில் சேர்ந்து, 1865இல் கலோனியல் ஆர்க்கிடெக்ட் ஆகி, 1890 வரை 25 ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார். சிட்னியின் தலைமை அஞ்சலகம், நிலத்துறைக் கட்டடம், காலனிச் செயலர் அலுவலகம், பாதர்ஸ்ட் நீதிமன்றம் எல்லாம் அவர் காலத்தவை. 1879இன் சர்வதேசக் கண்காட்சிக்காக மின்விளக்கு வெளிச்சத்தில் இரவிலும் வேலை வாங்கிக் கார்டன் பேலஸை எழுப்பினார். 1882 செப்டம்பரில் அது தீயில் அழிந்தது.

தலைமை அஞ்சலகத்தின் பிட் தெரு முகப்பை நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பெரிய கட்டடம் என்றால் கிரேக்கத் தெய்வங்களைச் செதுக்குவது அன்றைய வழக்கம். பார்னெட்டோ தொமாசோ சானி என்ற சிற்பியைக் கொண்டு, அன்றாட உடையில் அன்றாட வேலை செய்யும் மனிதர்களைச் செதுக்கவைத்தார். தபால்காரருக்கும் அதில் இடம் உண்டு. கண்றாவி என்று நாடாளுமன்றம் வரை சண்டை போனது. பார்னெட் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த உருவங்கள் இன்றும் அங்கேயே இருக்கின்றன. அவர் செய்ததுதான் சரி என்பது என் எண்ணம்: அஞ்சலகத்தின் சுவரில் தபால்காரருக்கு இல்லாத உரிமை வேறு யாருக்கு?

பார்னெட்டுக்கு முன்னோடி பிரான்சிஸ் கிரீன்வே. பிரிஸ்டல் பகுதிக்காரர். கள்ள ஆவணம் தயாரித்த குற்றத்துக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை குறைக்கப்பட்டு, 1814இல் கைதியாகச் சிட்னி வந்து இறங்கியவர். எனவே பார்னெட்டைப் 'புலம்பெயர்ந்தவர்' எனலாம், கிரீன்வேயை 'நாடுகடத்தப்பட்டவர்' என்றே எழுத வேண்டும். ஆளுநர் மக்குவாரி 1816இல் அவருக்குத் தந்த பதவியின் பெயரும் வேறு: சிவில் ஆர்க்கிடெக்ட். அவர் 1818இல் கட்டிய மக்குவாரி கலங்கரை விளக்கத்தின் மணற்கல் தரமற்றது. சில ஆண்டுகளிலேயே உதிரத் தொடங்கியதால் இரும்புப் பட்டை போட்டுக் காத்தார்கள். 1883இல் பார்னெட் அதன் பக்கத்திலேயே ஏறக்குறைய அதே உருவில் புதியதை எழுப்பினார். தன் பாணியைக் காட்டிக்கொள்ள நல்ல வாய்ப்பு கிடைத்தும் முன்னவரின் உருவத்தைக் காப்பாற்றியதற்காகவே அவரைப் பிடிக்கும்.

இனி 'கலோனியல்'. நிலத்தை உழுபவரைக் குறிக்கும் லத்தீன் 'கொலோனுஸ்' என்பதிலிருந்து 'கொலோனியா' வந்தது. வெளியே போய்க் குடியமர்ந்து பயிர் செய்யும் ஊர் என்பது அதன் பொருள். தமிழ்நாட்டில் 'காலனி' என்றால் குடியிருப்புப் பகுதி என்றே காதில் விழும். அதனால் இங்கே 'குடியேற்ற நாடு' என்பதே தெளிவு. அந்த மண்ணில் ஏற்கெனவே பழங்குடிகள் வாழ்ந்தார்கள், மற்றவர்கள் வந்து ஏறினார்கள் என்ற உண்மையையும் அந்தச் சொல் மறைப்பதில்லை. '-த்துவம்' என்பது கொள்கையைக் குறிக்கும் ஈறு. பதவிப் பெயரில் அதற்கு வேலை இல்லை.

சென்னையில் நிலைமை வேறு. ராபர்ட் சிஷோம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுசை வடிவமைத்தவர். அவருடைய பதவி கன்சல்டிங் ஆர்க்கிடெக்ட். அதை 'ஆலோசகக் கட்டடக் கலைஞர்' என்பதே பொருந்தும்.

இன்றைய தொழிலுக்குப் பெருந்தச்சனை மீட்டெடுக்கலாமா? மனம் ஆசைப்பட்டாலும் வேண்டாம் என்பேன். தச்சர் என்றதும் மரவேலைதான் இப்போது நினைவுக்கு வருகிறது. 'ஸ்தபதி' கோயிலோடு ஒட்டிவிட்டது. 'மேஸ்திரி' போர்த்துக்கீசியத்திலிருந்து வந்து, வேலைத்தளத்தில் ஆள் நடத்துபவருக்கு என்று நிலைத்துவிட்டது. 'பொறியாளர்' என்று எழுதுவது பிழை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு செய்தவர் மட்டுமே ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ளலாம். இலங்கையிலும் தமிழகத்திலும் வழங்கும் 'கட்டடக் கலைஞர்' போதும். எழுத்து மட்டும் கவனம்: ஒற்று, ஒற்றடம் ஆவதுபோல் கட்டு, கட்டடம். 'கட்டிடம்' கட்டுவதற்கான இடத்தையே குறிக்கும் என்பது இலக்கணப் பக்கம் நிற்பவர்களின் வாதம். நானும் அந்தப் பக்கமே.

ஆக, பார்னெட்டின் பதவியைக் 'குடியேற்ற அரசின் தலைமைக் கட்டடக் கலைஞர்' என்று எழுதலாம். கிரேக்கத்தில் உள்ள 'தலைமை'யும் விட்டுப்போகாது, பதவி என்பதும் விளங்கும். ஆனால் இதை 1890 வரைதான் பயன்படுத்த வேண்டும். சிட்னியின் பேர் ஐலண்டு என்ற தீவில் எழுந்த கோட்டையின் கட்டுமானத்தை விசாரித்த ஆணையம் குறை சொன்ன பின் அவ்வாண்டில் பார்னெட் விலகினார். அவருக்குப் பின் வந்த வால்டர் லிபர்ட்டி வெர்னனின் பதவிக்கு கவர்ன்மென்ட் ஆர்க்கிடெக்ட் என்று பெயர். அவரை 'அரசுக் கட்டடக் கலைஞர்' என்றால் சரி.