மலை ரைடு போகிறவர்களே, தாகம் எடுத்தால் மட்டும் தண்ணீர் குடியுங்கள்

போன வாரமும் ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாற்பதுகளில் இருப்பவர், நம் ஊர்க்காரர், பெங்களூருவில் ஐடி வேலை. நீலகிரி ரைடுக்குப் பயிற்சியாக நந்தி மலை, ஆவலபெட்டா என்று ஒரே நாளில் ஏறி இறங்கிய சைக்கிள் குழு. கடைசி ஏற்றத்தில் தலைவலி, வாந்தி, அப்புறம் பேச்சில் குழறல். அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும்போது இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. “டீஹைட்ரேஷன்தான் டாக்டர், வழியெல்லாம் தண்ணி கொடுத்துக்கிட்டேதான் வந்தோம், ஒரு டிரிப் போட்டா சரியாயிடும்” என்றார்கள் நண்பர்கள்.

ரத்தத்தில் சோடியம் 118. இருக்க வேண்டியது 135 முதல் 145. ரிப்போர்ட் கைக்கு வந்த சில நிமிடங்களில் வலிப்பும் வந்துவிட்டது. அவருக்கு வந்தது தண்ணீர்ப் பற்றாக்குறை அல்ல. அளவுக்கு மீறிக் குடித்த தண்ணீரால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் மூளை வீங்கியது. ஐசியுவில் இருந்து நலமாக வீடு திரும்பினார். எல்லோருக்கும் அப்படி முடிவதில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

“தாகம் எடுத்துவிட்டால் ஏற்கெனவே லேட்” என்று சைக்கிள் குழுக்களில் ஒரு வாசகம் சுற்றுகிறது. தயவுசெய்து அதை மறந்துவிடுங்கள். ரத்தம் கொஞ்சம் அடர்த்தியானாலே தாகம் எடுக்கும். உடம்பில் அதைவிடத் துல்லியமான மீட்டர் கிடையாது. சைக்கிள் கம்ப்யூட்டரில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்துக் குடிப்பது, மணிக்கு இத்தனை மில்லி என்று கணக்குப் போடுவது, சிறுநீர் பச்சைத்தண்ணீர் போலப் போகும்வரை குடிப்பது, கெண்டைக்கால் பிடித்தால் உடனே அரை லிட்டர் உள்ளே தள்ளுவது, இதில் எதுவும் வேண்டாம். தசைப்பிடிப்புக்குப் பெரும்பாலும் காரணம் பழக்கமில்லாத உழைப்பு. எழுபது கிலோ ஆள் நாள் முழுக்க மிதித்துவிட்டு ஒரு கிலோ குறைந்து வந்தால் அது இயல்பு, இரவுச் சாப்பாட்டில் சரியாகிவிடும். எடை ஏறி வந்தால்தான் எனக்குப் பயம்.

2002-ல் பாஸ்டன் மாரத்தான் ஓடி முடித்தவர்களில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களும், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களும்தான் அதில் அதிகம் மாட்டினார்கள். மலை ரைடிலும் இப்படித்தான். முன்னால் பறக்கிறவருக்குக் குடிக்க நேரமே இருக்காது. கடைசியில் வரும் புதியவர்தான் ஒவ்வொரு வளைவிலும் நிற்பார், சப்போர்ட் வண்டியும் அவர் கூடவே வரும், அன்போடு பாட்டிலை நீட்டுவார்கள். கல்லட்டி ஏற்றத்தை நினைத்துப் பாருங்கள். மசினகுடியில் வெயில். 36 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியை நெருங்கும்போது குளிர். வியர்வை குறைந்துவிடும், ஆனால் கீழே பழகிய கை பாட்டிலை விடாது.

எலக்ட்ரோலைட் மாத்திரை போட்ட தண்ணீர்தானே என்று கேட்பீர்கள். ஸ்போர்ட்ஸ் டிரிங்கில் இருக்கும் சோடியம் ரத்தத்தில் இருப்பதைவிட மிகக் குறைவு. ஓஆர்எஸ்ஸிலும் குறைவுதான். தாகமே இல்லாமல் லிட்டர் லிட்டராகக் குடித்தால் எதுவும் காப்பாற்றாது. வழியில் மோர், உப்புக்கடலை, ஊறுகாயோடு தயிர்சாதம் சாப்பிடுங்கள், நல்லதுதான். அதைச் சாக்காக வைத்துக் கூடுதலாகக் குடிக்காதீர்கள்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஏறுகிறவர்களை என்ன சொல்வது? ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எதுவும் ரைடு அன்று வேண்டாம். சிறுநீரகம் தண்ணீரை வெளியேற்றும் வேலையை அவை கெடுக்கும். பிபி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பெயரோடு, சோடியத்தைக் குறைக்கக்கூடிய ஹைட்ரோகுளோரோதையசைடு அல்லது குளோர்தாலிடோன் சேர்ந்திருந்தால் ரைடுக்கு முன்பே உங்கள் டாக்டரிடம் பேசுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். (கேட்டால் பாதிப் பேர் “சாதா பிபி மாத்திரைதான்” என்கிறார்கள்.)

கூட வருகிறவருக்குத் தலைவலி, வாந்தி, விரல் வீங்கி மோதிரமோ கையுறையோ இறுக்குவது, பேச்சில் தடுமாற்றம் என்று தெரிந்தால் சைக்கிளை வாங்கி வைத்துவிடுங்கள். தண்ணீர் கொடுக்காதீர்கள். குழப்பம் தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். அங்கே எவ்வளவு குடித்தார் என்று சொல்லுங்கள், சோடியம் பார்க்கச் சொல்லுங்கள். சின்ன ஊர்களில் வாந்தி என்றதும் சாதா சலைனை வேகமாக ஏற்றிவிடுகிறார்கள். இதில் அது நிலைமையை மோசமாக்கலாம். வேண்டியது உப்பு அதிகமுள்ள 3 சதவீத சலைன், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. வெயில் அடி பட்டாலும் இதே குழப்பம் வரும், அதனால் உடம்பு நெருப்பாகக் கொதித்தால் போகும் வழியிலேயே மேலெல்லாம் தண்ணீர் ஊற்றிக் குளிர வையுங்கள்.

குழுவை நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். சப்போர்ட் வண்டியில் ஒரு எடை மெஷின் வையுங்கள். காலையில் கிளம்பும்போதும் சாயங்காலம் வந்ததும் எல்லோரையும் ஏற்றி நிறுத்துங்கள். யாருக்காவது எடை கூடியிருந்தால், வேறு தொந்தரவு இல்லையென்றாலும், சிறுநீர் நன்றாகப் போகும்வரை தண்ணீர் வேண்டாம், உப்புள்ள சாப்பாடு கொடுங்கள். அன்றிரவு அவரைத் தனி அறையில் படுக்க விடாதீர்கள்.