சரணாலயத்துக்குள் வீடு, வளவுக்குள் விரியன்: சட்டப்படி என்ன செய்யலாம்?

தெஹிவளை, அத்திடிய பக்கம் காணி வாங்கிய பலருக்குத் தெரியாத விஷயம் இது. 1990இல் பிரகடனப்படுத்தப்பட்ட பெல்லன்வில - அத்திடிய சரணாலயத்தின் சுமார் 372 ஹெக்டேயருக்குள் தனியார் காணிகளும் இருக்கின்றன. காணி உறுதி உங்கள் பெயரில் இருந்தாலும் 1937ஆம் ஆண்டு 2ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அங்கே செல்லுபடியாகும். சரணாலயத்துக்குள் எந்த வனவிலங்கையும் கொல்லவோ பிடிக்கவோ கூடாது. நாகமும் கண்ணாடி விரியனும் இதில் அடக்கம். சரணாலயத்துக்கு வெளியே என்றால் பாதுகாப்பு இனத்துக்கு இனம் அந்தச் சட்டத்தின் அட்டவணைப்படி மாறும். பாம்பைப் பார்த்த பதற்றத்தில் அட்டவணை யாருக்கு ஞாபகம் வரும்? எங்கே கண்டாலும் அடிக்காமல் விடுவதே பாதுகாப்பு. உங்கள் காணி சரணாலய எல்லைக்குள் வருகிறதா என்று கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

பாம்பு வீட்டுக்குள் வந்தால் பிள்ளைகளையும் நாயையும் வெளியே எடுங்கள். இரண்டு மீற்றருக்குக் கிட்டப் போகாமல் ஒரு படம் எடுங்கள். அறைக் கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் துணியை அடையுங்கள். பிறகு வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழையுங்கள். பாம்பு தப்பப் பார்க்கும் யன்னலையோ வடிகானையோ ஒருவர் தூர நின்று பார்த்துக்கொண்டால் போதும். பெரும்பாலும் தவறு நடப்பது இந்த இடத்தில்தான்: எல்லோரும் வாசலில் கூடிப் பேச, பாம்பு அலுமாரிக்குப் பின்னால் போய்விடும், வருபவருக்கு அதைத் தேடுவதே வேலையாகிவிடும். தடியால் அடிக்கப் போய்க் கடி வாங்குவோரும் உண்டு. துண்டித்த தலைகூடக் கடிக்கும். கண்ணாடி விரியன் முட்டையிடாது, குட்டி போடும். பிறந்த குட்டிக்கும் நஞ்சு உண்டு.

கடித்துவிட்டால் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். மோதிரம், காப்பைக் கழற்றி, கடிபட்ட கை, காலை அசைக்காமல் வையுங்கள். இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் வேண்டாம். அரச வைத்தியசாலையில் நஞ்சு முறிமருந்துக்கும் பணம் இல்லை. அங்கே கொஞ்சம் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சரித்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விரியன் நஞ்சு உடலில் வேலை செய்கிறது என்று பொருள். ஆனால் இங்கே பாவிக்கும், பல பாம்புகளின் நஞ்சுக்குமான இந்திய முறிமருந்து, மூக்கு மேல்நோக்கி எழும்பிய சிறு விரியனுக்கு (சிங்களத்தில் குணகட்டுவா) வேலை செய்யாது. அதனால்தான் அந்தப் படம் தேவை. பாம்பை அடித்துப் பையில் போட்டு வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை.