அல்சர் கிருமிக்கும் மாரடைப்புக்கும் என்ன சம்பந்தம்?

இரைப்பை அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்றுதான் மருத்துவர்கள் வெகுகாலம் நம்பினார்கள். ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷல் 1984-இல் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். அல்சருக்கு இந்தக் கிருமிதான் முக்கியக் காரணம் என்பது பிறகு உறுதியாகி, அவருக்கும் உடன் ஆய்வு செய்த ராபின் வாரனுக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, வயிற்றில் இருக்கும் கிருமி இதயத்தை என்ன செய்யும்?

இதய நோயாளிகளிடம் இந்தத் தொற்று கூடுதலாக இருப்பதாக 1994-இல் லண்டன் ஆய்வாளர்கள் எழுதினார்கள். இதற்குச் சொல்லப்படும் விளக்கங்கள் பல. தொற்று பெரும்பாலும் சிறுவயதில் வந்து, மருந்து கொடுக்காவிட்டால் ஆயுள் முழுக்கத் தங்கும். அத்தனை ஆண்டுகளும் இரைப்பைச் சுவரில் அழற்சி கனன்றுகொண்டே இருக்கும். அதன் வேதிப்பொருட்கள் ரத்தத்தில் கலந்து ரத்தக்குழாயின் உட்சுவரைப் புண்படுத்தலாம். அங்கே கொழுப்பு படிவது எளிதாகும். இந்தக் கிருமியின் சில வகைகள், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைப்பதையும் ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள்.

கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் நெருக்கடியான வீட்டில், வறுமையில் வளர்ந்தவர்களுக்குத்தான் இந்தத் தொற்று அதிகம். அதே வறுமை இதய நோயையும் கூட்டும். இதைக் கணக்கில் எடுத்த பெரிய ஆய்வுகளில் தொடர்பு மிகவும் பலவீனமாகிவிட்டது. கிருமியை ஒழித்தால் மாரடைப்பு குறையும் என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை.

என்னைக் கவலைப்பட வைப்பது வேறொரு தொடர்பு. மாரடைப்பு வந்தவர்களுக்குப் பெரும்பாலும் ஆஸ்பிரின் கொடுப்பார்கள். அது தட்டணுக்கள் ஒட்டுவதைத் தடுத்து இதயத்தைக் காக்கிறது. கூடவே இரைப்பையின் பாதுகாப்புப் படலத்தையும் மெலியவைக்கிறது. கிருமி ஏற்கெனவே அரித்த இடத்தில் ரத்தம் கசிந்தால் எளிதில் நிற்காது. ஆஸ்பிரின் எடுத்துவந்த 60 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் பிரிட்டனில் நடந்த ஒரு சோதனை 2022-இல் வெளியானது. முதல் இரண்டரை ஆண்டுகளில், கிருமிக்கு மருந்து பெற்ற குழுவில் 6 பேருக்கும், பெறாத குழுவில் 17 பேருக்கும் அல்சர் ரத்தக்கசிவு ஏற்பட்டது. அதன் பிறகு அந்தப் பலன் மங்கிவிட்டது.

நீங்கள் ஆஸ்பிரின் எடுப்பவராக இருந்து, முன்பு அல்சரும் வந்திருந்தால், இந்தக் கிருமியைக் கண்டறியும் மூச்சுச் சோதனை தேவையா என்று மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள். பயந்து ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது இன்னும் ஆபத்து. சோதனையில் ஒரு யூரியாக் கரைசலைக் குடிக்கச் சொல்வார்கள். கிருமி அதை உடைத்தால், அதிலுள்ள அடையாளக் கார்பன் மூச்சில் வெளிவரும். ஒமெப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். அதனால் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வழக்கமாக இரண்டு வாரம் நிறுத்திய பிறகே சோதிப்பார்கள்.